கரடி வீட்டுச் சமாச்சாரம்

அரூர் ரிஜிஸ்தர் ஆபீசு வாசலில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் சென்றாயனை ஊரில் பாதிப் பேர் கரடி ரைட்டர் என்றுதான் சொல்வார்கள். முகத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. ஆள் நோஞ்சான், ஆடிக் காற்றில் குடையோடு சேர்ந்து பறந்துவிடுகிற உடம்பு. சேலத்தில் அச்சாகி வந்த ஒரு சிறுவர் மாதப் பத்திரிகையில் கரடிக்கதை எழுதினார், அதனால் வந்த பெயர். நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி. பெயர் சகாயமேரி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அந்தக் கதையை மாதாமாதம் வாய்விட்டுப் படித்தவள் என்கிற முறையில் இதைச் சொல்ல எனக்குப் பாத்தியம் உண்டு. அவர் மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, முப்பத்தேழு வாக்கில் அவர் எழுத ஆரம்பித்தார். முதலில் நரிக்கதை, முள்ளம்பன்றிக்கதை என்று சின்னச் சின்னதாக வந்தன. பகலெல்லாம் கிரயப் பத்திரம் எழுதிய கை அல்லவா, அவருடைய மிருகங்களும் அப்படித்தான் பேசும். ஒரு தேன்கூட்டை விற்கிற கரடி, கிழக்கே ஓடை, மேற்கே புங்கமரம், வடக்கே என் பெரியப்பன் பாறை, இதற்குட்பட்ட தேன்கூட்டைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாக நக்கி அனுபவித்துக்கொள்வீராக என்று எழுதிக் கொடுக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்கள் வேறு மாதிரிப் படித்தார்கள். நரி யார், காட்டுப்பன்றி யார் என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை. காட்டுப்பன்றி என்று தன்னைத்தான் எழுதியிருக்கிறார் என்று ஏட்டையா ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்தார். தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவருக்குத் தன்னை எந்த மிருகமாகவும் போடவில்லை என்று வருத்தம். சென்றாயனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கேட்டால், கதைங்க, வெறும் கதைங்க என்று கும்பிடு போடுவார்.

அந்தக் கும்பிட்டை நான் அப்போதே கவனித்திருக்கிறேன். யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், அவர் கதைக்குள்ளே போய் ஒளிந்துகொள்வார்.

வீட்டில் மனைவி ரங்கம்மாள், பெண்கள் இரண்டு. மூத்தவள் ராமக்காள், இளையவள் சின்னக்கா. ராமக்காள் ஐந்தாவது வரை என்னிடம் படித்தாள். அதற்குமேல் அனுப்பவில்லை. எழுதி முடித்ததும் அப்பா முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டுவார். அவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. "அப்பா, கரடி கோவத்துல இவ்ளோ நீளமா பேசாது. ரெண்டு வார்த்தை பேசும், அப்புறம் அழுவும்" என்பாள். அவர் உடனே அடித்துத் திருத்துவார். தபாலில் சேர்க்கிறதும் அவள்தான்.

முப்பத்தொன்பதில் ராமக்காள் சவுரியப்பனோடு போய்விட்டாள். சவுரியப்பன் கோவிலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவன். சத்திரத்துக்கு ஓடு மாற்ற வந்த இடத்தில் பழக்கம். இரண்டு பேரும் கோலார் தங்கவயலுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவனுக்கு அங்கே சுரங்கத்தில் வேலை கிடைத்தது. சேதி தெரிந்ததும் ரங்கம்மாளின் அண்ணன் சாதிசனத்தைக் கூட்டிவிட்டார். உயிரோடு இருக்கிற பெண்ணுக்குச் சாவுச் சடங்கு எல்லாம் செய்தார்கள். அவளுடைய துணிமணிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாணியாற்றில் குடும்பத்தோடு தலைமுழுகினார்கள். கருமாதிச் சோறும் போட்டார்கள். தலைமுழுகிய பிறகு அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது, போக்குவரத்து கூடாது, கடுதாசி கூடாது. மீறினால் சாதியில் நல்லது கெட்டதுக்கு ஆள் வராது, சின்னக்காவைக் கட்டிக்கொள்ள ஒருவனும் வரமாட்டான். நானும் வேதக்காரி, கிறிஸ்தவச்சி என்பதால் இதில் எனக்கும் பங்கு இருக்கும் என்று நினைத்து, ரங்கம்மாள் கொஞ்ச காலம் என்னோடு பேசாமல் இருந்தாள். சுவரில் காயப் போட்ட முறத்தைக்கூட என் பக்கம் விழாமல் திருப்பி வைப்பாள்.

மறு வருஷம் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஆரம்பமாயிற்று. பெயர், கரடி வீட்டுச் சமாச்சாரம். சித்தேரி மலையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அப்பா கரடி. அம்மா கரடிக்குக் கோபம் ஜாஸ்தி, கைமணம் அதைவிட ஜாஸ்தி. மகள் கரடி, மூக்கில் வளையம் போட்ட வெளியூர்க் கரடி ஒன்றோடு மலையை விட்டு இறங்கிப் போய்விடுகிறது. கரடிகள் எல்லாம் சுனையில் போய் முங்கி எழுந்து வருகின்றன. ராசிபுரத்திலிருந்து ஒரு குழந்தை, இவ்வளவு குளிரில் கரடிகள் ஏன் குளித்தன, சளி பிடிக்காதா என்று கேட்டு எழுதியதைப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

நரியையும் பன்றியையும் கண்டுபிடித்த அரூருக்கு, கரடி யார் என்று மட்டும் தோன்றவே இல்லை. எல்லாருக்கும் அந்தக் கரடியைப் பிடித்துப்போயிற்று, அதனால் கரடியாகவே விட்டுவிட்டார்கள்.

ரங்கம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஒருநாள் சுவரோரம் வந்து, பேசாமல் இருந்ததே இல்லாத மாதிரிப் பேசினாள். "டீச்சரம்மா, அந்தப் பொஸ்தகம் வந்துச்சுன்னா எனக்கும் ரெண்டு பக்கம் படிச்சுச் சொல்லுங்க. காதுல வுழுந்தாப் போதும்."

அன்றிலிருந்து மாதாமாதம் நான் படித்தேன், அவள் புளி கொட்டை எடுத்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ கேட்டாள். கதையில் மகள் கரடி எங்கே படுக்கிறது, என்ன சாப்பிடுகிறது, அந்த வளையக் கரடி அடிக்கிறதா என்று மட்டும் கேட்பாள். பிறகு சாப்பாட்டு நேரத்தில் புருஷனிடம் பேச்சு எடுப்பாள். நடுவில் இருந்தது மண்சுவர், எல்லாம் எனக்குக் கேட்கும்.

"என்னாங்க, அந்தக் கரடிப் புள்ள போன எடத்துல குளிரு ரொம்பவாமே. போத்திக்க எதுனா இருக்குதுங்களா?"

"அடுத்த மாசம் ஒரு கம்பளி வாங்கிக் குடுத்தர்லாம் புள்ள."

அடுத்த மாதம் கதையில் கம்பளி வந்தது. அப்பா கரடி ஆட்டுக்காரனிடம் பேரம் பேசி வாங்கி, காற்றில் போகிற கொக்கிடம் கொடுத்தனுப்பியது. எனக்குப் பொறுக்கவில்லை. தங்கவயலுக்குக் கோவிலூர் ஆள் ஒருவர் போகிறார், ஒரு கம்பளி கொடுங்கள், பெயர் சொல்லாமல் நான் சேர்த்துவிடச் சொல்கிறேன் என்று சென்றாயனிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கும்பிட்டார். "கதைக் கரடிக்கெல்லாம் கம்பளி அனுப்புவாங்களா டீச்சரம்மா" என்று சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. கம்பளியும் போகவில்லை.

நாற்பத்தொன்றில் சர்ச்சுக்கு வந்தவர்கள் மூலம் ராமக்காள் மாசமாக இருப்பது எனக்குத் தெரிந்தது. தங்கவயலில் ஒரு பெண்ணுக்கு இத்தனை மாசமாம் என்று ரங்கம்மாளிடம் பொதுவாகச் சொல்லி வைத்தேன். அவள் கீரையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று சாப்பாட்டு வேளையில் குரல் கேட்டது.

"கரடிப் புள்ளைக்கு நாள் தள்ளிப் போயிருக்குதாம்."

களி பிசைந்த கை நின்றிருக்க வேண்டும். "யாரு சொன்னா?"

"கதை தானுங்களே. யாரு சொல்லோணும்?"

அந்த மாதம் அம்மா கரடி கட்டுச்சோறு கட்டியது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச் சோறு. ஒவ்வொன்றிலும் என்ன தாளித்தது என்றுகூட எழுதியிருந்தார். அதெல்லாம் ரங்கம்மாள் சொல்லிக் கொடுத்தது. அதற்கடுத்த இதழில் வாசகர் பக்கத்தில் இரண்டு வரி வந்தது. தங்கவயல் வாசகி ஒருத்தி, குட்டி பிறந்தால் மூக்குக்கண்ணாடி போட்ட தாத்தாவைக் காட்டுவார்களா என்று கேட்டிருந்தாள். நான் படித்தேன். திரும்பப் படிக்கச் சொன்னாள் ரங்கம்மாள். பிறகு அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்த வரிகளின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். புளிக்கறை அந்தப் பக்கத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இதற்குள் பிள்ளைகள் பத்திரிகை ஆசிரியரைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். கரடி அக்கா எப்போது வீட்டுக்கு வருவாள் என்பதே எல்லாருக்கும் கேள்வி. திருவண்ணாமலையில் ஒரு வகுப்பே சேர்ந்து எழுதியதாம். யுத்தத்தால் காகிதம் கிடைக்காத காலம் வேறு. கதையை மார்கழி இதழோடு முடித்துவிடுங்கள், மகள் கரடியைக் கூட்டி வந்து முடியுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். அதே சமயம் சின்னக்காவுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் நல்ல இடம் அமைந்தது. தைப்பூசத்தன்று பாக்கு வெற்றிலை மாற்றுவதாகப் பேச்சு. வீட்டில் நடப்பதைக் கதையில் போட்டு மூத்தவளுக்குச் சேதி சொல்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அதையும் போட்டார்.

கதையில் தைப்பூசத்தன்று தங்கைக் கரடிக்கு நிச்சயம். ஊர்க் கரடிகளெல்லாம் பந்தலில் உட்கார்ந்திருக்கின்றன. மகள் கரடி குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூடை நிறைய நாவல் பழத்தோடு முன்வாசல் வழியாக வருகிறது. "பந்தி ஆரம்பிச்சாச்சா அப்பா?" என்று கேட்கிறது. அப்பா கரடி எல்லார் முன்னாலும் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீ வராம எப்படி ஆரம்பிக்கிறது தாயி" என்கிறது.

ஊரில் அதைப் படித்து அழாத ஆள் இல்லை. முறைத்துக்கொண்டிருந்த ஏட்டையாகூட ரிஜிஸ்தர் ஆபீசு வாசலுக்கு வந்து சென்றாயனின் கையைப் பிடித்துக்கொண்டாராம். எழுதும்போது அவர் பொய் எழுதவில்லை, எனக்குத் தெரியும். பிள்ளைகள் கேட்டார்கள், சின்னவளுக்கு இடம் அமைந்தது, மனசு நிறைந்திருந்தது, அப்படியே எழுதிவிட்டார். தை மாதத்தில் நாவல் பழம் ஏது என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.

தைப்பூசம் வந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுப் பந்தலுக்கு வெளியே, கோலம் மிதிபடாமல் பிள்ளைகளை விரட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு நடுவில் இருந்தது. ரங்கம்மாள் உள்ளே கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். அப்போது தெருவில் ராமக்காள் வருவதைப் பார்த்தேன்.

இடுப்பில் கைக்குழந்தை. மறு கையில் கூடை. கூடையில் இலந்தைப் பழம். தை மாதத்தில் அதுதான் கிடைத்திருக்கும். தலைவாரிப் பூ வைத்து, நல்ல புடவை கட்டி, கல்யாண வீட்டுக்கு வருகிறவளாக வந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. இரண்டு வருஷமாக மாதாமாதம் பேசிக்கொண்டிருக்கிற அப்பா கூப்பிட்டிருக்கிறார், நாளும் சொல்லியிருக்கிறார், வாசலும் சொல்லியிருக்கிறார். அவள் ஏன் பயப்பட வேண்டும்? பந்தல்காலுக்கு வந்து நின்று, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பந்தி ஆரம்பிச்சாச்சா அப்பா?"

சென்றாயன் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ரங்கம்மாளின் அண்ணன் முகம் கறுத்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா அவளுடைய கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்தப் பொண்ணு?" என்றார்.

"தெரியலீங்க" என்றார் சென்றாயன். "யாரோ வழி தப்பி வந்துட்டாங்க."

கும்பிடு போட்டார். மகளைப் பார்த்து.

அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து அந்தத் திடம் வந்ததோ, மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பி, "ஆமாங்க, வேற வூடுங்க. தெரு மாறி வந்துட்டனுங்க" என்று சொன்னாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். தங்கைக்காக அந்தப் பொய்யை அவளும் சேர்ந்து சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். என் வீட்டுக்கு வா என்றேன். வரமாட்டேன் என்றாள். பக்கத்து வீட்டில் இருந்தால் சின்னக்காவுக்குக் கேடு என்றாள். மொரப்பூர் ரயிலுக்குப் போகிற பஸ், யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ், புகை கக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. பஸ்ஸில் ஏறும் வரை அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"நல்லா படிப்பேன்னு சொல்லுவீங்களே டீச்சர்" என்றாள். "கதையக் கதையாப் படிக்கத் தெரியல எனக்கு."

"உங்கப்பா எழுதினது நிஜம்தான் ராமக்கா. எழுதத்தான் தெரிஞ்சுது அவருக்கு."

"அம்மா அதக் கேக்குமா?"

"மாசாமாசம் நான்தான் படிச்சுச் சொல்றேன். கட்டுச்சோறு கட்டுனது உங்கம்மாதான். அந்தப் பக்குவமெல்லாம் அவங்க வாயால சொன்னது."

அப்போதுதான் அழுதாள். குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு, பஸ் நகர்ந்து போகிற வரைக்கும் அழுதாள். நான் திரும்பி வந்தபோது ரங்கம்மாள் மாவுக் கையோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். வாசலில் கேட்ட குரல் அவளுக்கு அடுக்களையிலேயே தெரிந்துவிட்டது. ஓடி வருவதற்குள் முதுகுதான் தெரிந்தது. கூப்பிட வாய் திறந்திருக்கிறாள். பந்தல் நிறைய ஆட்கள், அந்தப் பெயர் வரவில்லை. "புள்ள சாப்பிட்டாளா?" என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

சின்னக்காவின் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. சென்றாயன் அதற்குப் பிறகு கதை எழுதவில்லை. கரடிக் கதை கேட்டுப் பத்திரிகையிலிருந்து சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைத்தெருவில் பிள்ளைகள் அவரை மறித்து, கரடி அக்கா வீட்டிலேயே இருக்கிறாளா, திரும்பப் போய்விட்டாளா என்று கேட்பார்கள். இங்கதான் இருக்கறா, நல்லா இருக்கறா என்று சொல்லிவிட்டுப் போவார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும் எனக்கு. வீட்டில் சாப்பாட்டு வேளைப் பேச்சு நின்றுவிட்டது. ரங்கம்மாள் தட்டை வைப்பது கேட்கும், எடுப்பது கேட்கும், அவ்வளவுதான்.

நாற்பத்துமூன்று ஐப்பசியில், சவுரியப்பனின் அண்ணன் கோவிலூரிலிருந்து நடந்தே என் வீட்டுக்கு வந்தார். ராமக்காள் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகிவிட்டது. குழந்தை அவர்களிடம் இருக்கிறது. பிறந்த வீட்டில் சொல்ல வேண்டியது முறை, ஆனால் எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியவில்லை, நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நான் போய்ச் சொன்னேன். பெயர் சொல்லித்தான் சொன்னேன். ரங்கம்மாளின் அண்ணன் அப்போது அங்கே இருந்தார். "அவளுக்கு நாம அன்னிக்கே எல்லாம் செஞ்சு முடிச்சாச்சு. மறுபடி ஏது சாவு? தீட்டும் இல்ல, அழுவையும் இல்ல. அக்கம்பக்கம் வேடிக்கை பாக்கும், ஆவற வேலையப் பாருங்க" என்று சொல்லித் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

சென்றாயன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். "அந்தக் கரடிப் புள்ளைக்குக் கடைசில தண்ணி குடுக்க யாராச்சும் பக்கத்துல இருந்தாங்களாமா டீச்சரம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் ரங்கம்மாள் உள்ளேயிருந்து வந்துவிட்டாள். அவள் அழவில்லை. அவருக்கு நேர் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கரடின்னு சொல்லாதீங்க" என்றாள். "கரடியும் இல்ல, கதையும் இல்ல. நான் பெத்தவ. பேரச் சொல்லுங்க."

அவர் வாசலைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்த எழுந்தார். அவள் அவருடைய வேட்டியைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"சொல்லுங்க."

"ராமக்கா" என்றார். காற்றுதான் வந்தது.

"கேக்கல."

"ராமக்கா."

"இன்னொரு வாட்டி."

தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர் கைகளைக் கும்பிடுகிற மாதிரிச் சேர்த்தார். அவள் அந்தக் கைகளைப் பிரித்து மடியில் வைத்தாள். அவர் சொன்னார். குரல் உடைந்து சொன்னார், உடைந்த பிறகும் சொன்னார். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அவள் அவரை விடவில்லை.